நைட்ரஜன் லைனில் கெமிக்கல் ரிவர்ஸ் வந்தது: என்.ஆர்.வி.யை மாற்றினால் போதுமா?

கேள்வி: இன்டர்மீடியட் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஷிப்ட் இன்ஜினீயராக இருக்கிறேன். ஐந்து ரியாக்டர்களுக்கும் ஒரே நைட்ரஜன் ஹெட்டர் (பொது மெயின் பைப்). போன வாரம் நைட் ஷிப்டில் கீழ்த்தளத்து யுடிலிட்டி பாயின்டில் (ஹெட்டரிலிருந்து நைட்ரஜன் எடுக்கும் வாய்) ஹோஸ் மாட்டி வால்வைத் திறந்த ஆபரேட்டர் மேல் மஞ்சளாக ஒரு திரவம் தெறித்தது. டொலுயீன் வாசனை. மெயின்டனன்ஸில் கேட்டால், "என்.ஆர்.வி. பாஸிங் சார், மாத்திட்டா சரியாயிடும்" என்கிறார்கள் (ஓட்டத்தை ஒரே பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு, மூடியும் கசிகிறதாம்). மாற்றினால் போதுமா?

பதில்:

போதாது. என்.ஆர்.வி.யை மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றிவிட்டு ரிப்போர்ட்டை மூடினால் அடுத்த முறை இதே திரவம் வேறொரு ரியாக்டருக்குள் போய் நிற்கும்.

முதலில் உடனே செய்ய வேண்டியது. உங்கள் ஹெட்டரில் இப்போதும் திரவம் தேங்கியிருக்கலாம். கீழ்த்தளத்து பாயின்ட்தான் தாழ்வான இடம் என்பதால் அங்கே வெளியே வந்திருக்கிறது. வேறு தாழ்வுகள், லைன் தொய்ந்த இடங்கள், மூடிய முனைகளான டெட் எண்டுகள் எல்லாவற்றையும் லைனோடு நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். திறந்த பக்கெட்டில் வடிக்காதீர்கள். எர்த்திங் கொடுத்த மூடிய கலத்தில், பர்மிட் போட்டு, சுற்றிலும் தீப்பொறி வரும் வேலையை நிறுத்திவிட்டு வடியுங்கள். அந்த ஹெட்டரிலிருந்து நைட்ரஜன் எடுக்கும் ஐந்து ரியாக்டர்களின் பேட்ச்களையும் தர உறுதிப் பிரிவான க்யூ.ஏ.வுக்குச் சொல்லி நிறுத்தி வையுங்கள். திரவத்தை வைத்துதான் எந்த ரியாக்டரிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியும். லேபுக்கு அனுப்பாமல் கொட்டிவிடாதீர்கள்.

இனி காரணத்துக்கு வருகிறேன். யுடிலிட்டி லைன் (நைட்ரஜன், தண்ணீர், நீராவி போன்றவை வரும் பொது லைன்) என்றால் நம் எல்லோர் மனதிலும் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது: ஹெட்டரில் அழுத்தம் எப்போதும் அதிகம், ரியாக்டரில் குறைவு, அதனால் ஓட்டம் ஒரே பக்கம்தான். சாதாரண நாளில் இது உண்மை. ஹெட்டர் 5 பாரில் இருக்கும், ரியாக்டர் 2 பாரில் இருக்கும். ஆனால் ஒரு ராத்திரியில் இரண்டு ரியாக்டரை ஒரே நேரத்தில் நைட்ரஜன் ஓட்டிப் பர்ஜ் செய்து, மூன்றாவதில் நைட்ரஜன் பிரஷர் கொடுத்து மெட்டீரியல் தள்ளிக்கொண்டிருக்கும்போது, சப்ளை பக்கத்தில் ரெகுலேட்டர் சரியாகத் திறக்கவில்லை என்று வையுங்கள். ஹெட்டர் ஒன்றரை பாருக்கு இறங்கிவிடும். அந்த நேரத்தில் தள்ளிக்கொண்டிருக்கும் ரியாக்டர் 2 பாரில் இருந்தால், எது ஹெட்டர், எது ரியாக்டர் என்று பைப்புக்குத் தெரியாது. நான் பார்த்த நைட்ரஜன் பின்னோட்டங்களில் பாதிக்கு மேல் இப்படி மெட்டீரியல் தள்ளும் வேலையின்போது வந்தவை. உங்கள் லாக் புக்கில் அந்த ராத்திரி யார் எதைத் தள்ளினார்கள் என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. திரவமாகத்தான் வர வேண்டும் என்றில்லை. நைட்ரஜன் ஓடாமல் லைன் சும்மா நிற்கும்போது, சூடான ரியாக்டரின் மேல்பகுதியிலிருந்து கரைப்பான் ஆவி மெல்ல மெல்லப் பைப்புக்குள் ஏறும். ஏ.சி. அறையை ஒட்டியோ மழை படும் இடத்திலோ போகும் பைப்பில் குளிர்ந்து சொட்டும். இதற்கு ரியாக்டரில் அதிக அழுத்தம்கூடத் தேவையில்லை. பகலும் இரவும் மாறி மாறி வெப்பம் ஏறி இறங்கினாலே போதும். டிப் பைப் வழியாக நைட்ரஜன் விடும் இணைப்பு இருந்தால் இன்னும் மோசம். அங்கே பைப்பின் வாயே திரவத்துக்குள் இருக்கிறது.

இந்த எல்லாவற்றுக்கும் நடுவில் நாம் நிறுத்தி வைத்திருப்பது ஒரு என்.ஆர்.வி.

நான் வேலை பார்த்த ஒரு யூனிட்டில் லேபுக்கு வரும் டி.எம். வாட்டரின் (தாது உப்புகள் நீக்கிய தண்ணீர்) பி.எச். திடீரென்று 4-க்கு இறங்கியது. இரண்டு நாள் டி.எம். பிளான்டையே சந்தேகப்பட்டு ரெசினைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் இரண்டாவது தளத்தில் ஆசிட் டைல்யூஷன் டேங்குக்குப் போகும் இணைப்பில் வந்து நின்றது. டிராயிங்கில் அங்கே என்.ஆர்.வி. இருந்தது. லைனிலும் இருந்தது. கழற்றி வொர்க்‌ஷாப் மேஜையில் வைத்து ஃபிட்டர் பின்பக்கமிருந்து டார்ச் அடித்தார். முன்பக்கம் வெளிச்சம் தெரிந்தது. ஃபிளாப்புக்கும் சீட்டுக்கும் நடுவே சுருண்டுபோன ஒரு டெஃப்ளான் டேப் துண்டு, அதில் ஒட்டிய துருச் செதில். நகத்தின் கனம்கூட இருக்காது அந்த இடைவெளி. லைன் போட்ட நாளிலிருந்து அந்த வால்வை யாரும் திறந்து பார்த்ததே இல்லை. அன்றிலிருந்து "என்.ஆர்.வி. இருக்கிறது" என்று யாராவது சொன்னால், "கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தீர்கள்?" என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

என்.ஆர்.வி.யின் குணம் அது. பெரிய அளவில், வேகமாக வரும் பின்னோட்டத்தைத் தடுக்கும். பம்ப் டிரிப் ஆனதும் தண்ணீர் திரும்பி ஓடாமல் பிடிக்கும். ஆனால் மெல்லிய, நீண்ட நேரக் கசிவைத் தடுப்பதாக எண்ணிப் போடுவது தவறு. அழுத்த வேறுபாடு குறைவாக இருந்தால் ஃபிளாப் சீட்டில் சரியாக உட்காராது. ஸ்விங் டைப்பைக் கீழ்நோக்கி ஓடும் நெட்டுக்குத்தான லைனில் போட்டால் புவியீர்ப்பே அதைத் திறந்து வைத்திருக்கும். பைப் சைஸுக்கு ஏற்றபடி பெரிதாக வாங்கி, ஓட்டமோ சொற்பமாக இருந்தால், ஃபிளாப் படபடவென்று அடித்து ஹின்ஜ் தேயும். அம்புக்குறியைத் திருப்பிப் போட்ட வால்வையும் பார்த்திருக்கிறேன். ஹசாப் (அபாய ஆய்வு) மீட்டிங்கில் "ரிவர்ஸ் ஃப்ளோ" என்ற வார்த்தை வந்ததும் "என்.ஆர்.வி. கொடுக்கப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் நம் ஊர் வழக்கம். அபாய மதிப்பீடு ஒழுங்காகச் செய்யும் நிறுவனங்கள் பல, சோதித்துப் பார்க்காத ஒற்றை என்.ஆர்.வி.யைப் பாதுகாப்பு அடுக்காகவே எண்ணுவதில்லை. எப்போதாவது மட்டும் தேவைப்படும் இணைப்புக்கு அது போதும் என்று நீங்களும் எழுத வேண்டாம்.

அப்படியானால் எது போதும்? உங்கள் ஐந்து இணைப்புகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "எப்போதும் தேவை", "எப்போதாவது தேவை" என்று பிரியுங்கள்.

எப்போதாவது மட்டும் வேண்டிய இணைப்பு, வேண்டாத நேரத்தில் இருக்கவே கூடாது. ஹோஸாக இருந்தால் வேலை முடிந்ததும் கழற்றி ஸ்டாண்டில் மாட்டி, இரண்டு வாயையும் மூட வேண்டும். பைப்பாக இருந்தால் நடுவில் ஒரு ஸ்பூல் துண்டு (கழற்றக்கூடிய குட்டைப் பைப்) வைத்து, அதைக் கழற்றி இரு பக்கமும் பைப்பை அடைக்கும் தகடான பிளைண்டு போட வேண்டும். கழற்றி வைத்த ஸ்பூலுக்கு எந்த சீட்டும் இல்லை, கசிய ஒன்றுமில்லை. தூரத்திலிருந்து பார்த்தாலே இணைப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் அடைப்பு, மறுபக்கம் ஓட்டை என்று திருப்பிப் போடும் ஸ்பெக்டகிள் பிளைண்டும் நல்லதுதான். அதைத் திருப்பும் வேலை பர்மிட்டோடு ஒழுங்காக நடக்கிறதா என்பதுதான் கேள்வி.

எப்போதும் வேண்டிய இணைப்பில், உதாரணமாக ரியாக்டரின் மேல்வெளியை நைட்ரஜனால் நிரப்பி வைக்கும் பிளாங்கெட்டிங்கில், என் வரிசை இப்படி இருக்கும். ரியாக்டர் பக்கத்தில் இரண்டு என்.ஆர்.வி., ஒன்று ஸ்விங், இன்னொன்று ஸ்பிரிங் டைப். ஒரே அழுக்கு ஒரே விதத்தில் இரண்டையும் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. இரண்டுக்கும் நடுவில் சோதிக்க ஒரு சின்ன டேப்பிங் (கிளை வாய்). அதற்கு மேல் ஹெட்டர் அழுத்தத்துக்கும் ரியாக்டர் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் தானாக மூடும் ஆன்-ஆஃப் வால்வு. என்னைக் கேட்டால் அரை பார் வேறுபாட்டிலேயே மூடச் சொல்வேன். சமமாகும் வரை காத்திருந்தால் அதற்குள் ஆவி உள்ளே போய்விடும். மூடியிருக்கும் நேரம் அதிகமான இணைப்புகளுக்கு இரண்டு பிளாக் வால்வு, நடுவில் திறந்த பிளீடு (வடிகால் வாய்). அந்த பிளீடை ஸ்கிரப்பருக்கோ பாதுகாப்பான வெண்டுக்கோ கொண்டுபோங்கள். அதில் ஏதாவது வந்தால் வால்வு பாஸிங் என்று அப்போதே தெரியும். ஹெட்டரின் தாழ்வான இடத்தில் டிரெயின் உள்ள ஒரு சின்ன நாக்-அவுட் பாட் (திரவம் பிரிந்து தேங்கும் கலம்). இதைத் தினமும் ஷிப்ட் ரவுண்டில் திறந்து பார்த்தால், ஆபரேட்டர் மேல் தெறிக்கும் முன்பே உங்களுக்குச் செய்தி வந்துவிடும்.

பணம் கொடுத்தால் இன்னொன்றும் செய்வேன். லேப், இன்ஸ்ட்ருமென்ட் போன்ற சுத்தமான உபயோகத்துக்கும், ரியாக்டர்களுக்கும் ஹெட்டரையே பிரித்துவிடுவேன். ஒரே பைப் எங்கும் போகும்போது ஐந்தாவது ரியாக்டரின் தவறு லேபின் க்ரோமட்டோகிராஃபில் போய் முடியும்.

நைட்ரஜனைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. சில இடங்களில் இன்ஸ்ட்ருமென்ட் ஏர் நின்றுபோனால் தாங்கிப் பிடிக்க நைட்ரஜனை அந்த லைனில் இணைத்து வைத்திருப்பார்கள். கருவிகளுக்கு அது சரி. ஆனால் அதே ஏர் லைனிலிருந்து மாஸ்க்குக்குக் காற்று எடுக்கும் வழக்கம் எங்காவது இருந்தால், இன்றைக்கே நிறுத்துங்கள். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 1992 முதல் 2002 வரை பார்த்ததில் நைட்ரஜன் மூச்சுத்திணறலில் 80 பேர் இறந்திருந்தார்கள். மூச்சுக்காற்று என்று நம்பி நைட்ரஜன் லைனில் மாஸ்க்கை மாட்டியதும் அந்தக் காரணங்களில் ஒன்று. நைட்ரஜனுக்கும் காற்றுக்கும் ஒரே கப்ளிங் வைக்கவே கூடாது. ஒன்றின் ஹோஸ் மற்றொன்றில் மாட்டவே முடியாதபடி இருக்க வேண்டும். பெயின்ட் மட்டும் போதாது, ஐ.எஸ். 2379 சொல்லும் நிறங்கள், காற்றுக்கு வான்நீலம், தண்ணீருக்குக் கடல்பச்சை, பெயின்ட் உரிந்த பிறகு யாருக்கும் உதவுவதில்லை.

தண்ணீர் லைன் நைட்ரஜனைவிட எளிது போலத் தோன்றும். உண்மையில் அதுதான் வேலி தாண்டி ஊருக்குள் போகும் அபாயம். இங்கே அழுத்தம் மட்டுமல்ல, உறிஞ்சலும் உண்டு. மூன்றாவது தளத்து காஸ்டிக் டேங்கில் ஹோஸின் முனை திரவத்துக்குள் முழுகிக் கிடக்கிறது. கீழே மெயின் வால்வை மூடிவிட்டு யாரோ தரைத்தளக் குழாயைத் திறக்கிறார்கள். பைப்பில் உள்ள தண்ணீர் இறங்க, பின்னால் வெற்றிடம். காஸ்டிக் ஹோஸுக்குள் ஏறிவரும். வளிமண்டல அழுத்தம் சுமார் 10.3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கிவிடும் என்பதால், ஹோஸ் டேங்கின் விளிம்பைத் தாண்டி ஏறுவது அதற்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் ஹோஸ் முனையைத் திரவத்தில் விடாதே என்று ஒவ்வொரு ஷிப்டிலும் கத்துகிறோம்.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து கார்ப்பஸ் கிறிஸ்டி நகரத்தில் 2016 டிசம்பரில் நடந்தது இதன் இன்னொரு முகம். தொழிற்பேட்டைப் பகுதியில் ஏற்பட்ட பின்னோட்டத்தில், தாரைக் குழம்பாக்கச் சேர்க்கும் இன்டுலின் ஏஏ-86 என்ற ரசாயனம் நகரக் குடிநீர் லைனுக்குள் போய்விட்டதாகச் சந்தேகம். சுமார் 3 லட்சம் மக்களிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், குளிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொதிக்க வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் இது கிருமி இல்லை. கிட்டத்தட்ட நான்கு நாட்கள். போனது சில காலன்கள் என்றுதான் மதிப்பிட்டார்கள். அத்தனை சின்ன அளவு ஒரு நகரத்தை நிறுத்திவிட்டது.

பின்லாந்தில் நோக்கியா என்ற ஊரில் 2007 நவம்பரில் நடந்ததை நான் இன்னும் அதிகமாக நினைத்துப் பார்ப்பேன், ஏனென்றால் அங்கே குற்றவாளி ஒரு சாதாரண வால்வு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், சுத்திகரித்த கழிவுநீர் ஓடும் லைனுக்கும் குடிநீர் லைனுக்கும் நடுவில் ஒரு இணைப்பு, அதில் ஒரு வால்வு. பராமரிப்பு வேலையின்போது திறந்தது, மூடாமல் கிடந்தது. சுமார் 450 கன மீட்டர் கழிவுநீர் குடிநீருக்குள் போய், எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றுநோயில் விழுந்தார்கள். இப்படி இரண்டு விதத் தண்ணீரை வால்வு வைத்து இணைக்கும் யோசனை நம் தொழிற்சாலைகளிலும் "அவசரத்துக்கு இருக்கட்டுமே" என்ற பேச்சோடுதான் பிறக்கும்.

தண்ணீருக்கு நான் நம்பும் தீர்வு பிரேக் டேங்க். குடிநீர் அல்லது போர் தண்ணீர் ஒரு டேங்குக்குள் மேலிருந்து விழ வேண்டும். குழாய் வாய்க்கும் தண்ணீர் வழிந்தோடும் மட்டத்துக்கும் நடுவில் வெறும் காற்று. குழாய் விட்டத்தின் இரு மடங்கு, எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல். அந்த டேங்கிலிருந்து பம்ப் செய்து பிளான்ட் முழுக்கக் கொடுங்கள். காற்று இடைவெளியில் பாஸிங் ஆக ஒன்றுமில்லை. அது முடியாத இடத்தில் பின்னோட்டத் தடுப்புக் கருவியான ஆர்.பி.இஸட். வைக்கலாம். இரண்டு செக் வால்வு, நடுவில் ஒரு அறை, அந்த அறையின் அழுத்தம் உள்வரும் அழுத்தத்தைவிடக் குறைந்தது 2 பி.எஸ்.ஐ. குறைவாக இல்லாவிட்டால் ரிலீஃப் திறந்து தண்ணீரைத் தரையில் கொட்டிவிடும். கொட்டுவதுதான் அதன் வேலை. ஆனால் தரை நனைகிறது என்று அந்த ரிலீஃப் வாயில் யாராவது பிளக் அடித்துவிட்டால், அந்தக் கருவி அப்போதே செத்துவிட்டது. தண்ணீர் தேங்கும் குழிக்குள் வைத்தாலும் அதே கதைதான்.

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த ஃபேக்டரீஸ் ஆக்ட், 1948, பிரிவு 18 குடிநீர் வைக்கும் இடம் கழிவறை, திறந்த சாக்கடை போன்றவற்றிலிருந்து ஆறு மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்றது. நல்ல விதி. ஆனால் கேன்டீன் குழாய்க்கும் ரியாக்டர் ஹோஸுக்கும் பின்னால் ஒரே பைப் ஓடினால் அந்த ஆறு மீட்டர் எதையும் காப்பாற்றாது. சேஃப்டி ஷவரும் ஐ வாஷும் அதைவிட முக்கியம். அவை ரசாயனத்துக்கு மிக அருகில் இருக்கும் தண்ணீர்க் குழாய்கள். கண்ணில் அமிலம் பட்டவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடிவந்து, அந்தப் பெடலை மிதித்து முகத்தைக் குனிகிறார். அதிலும் ஏதாவது கலந்திருந்தால் அவருக்கு அடுத்த வழி இல்லை. இந்த இரண்டையும் ப்ராசஸ் வாட்டர் லைனிலிருந்து எடுக்கவே வேண்டாம். தனிக் குடிநீர் லைன் கொடுங்கள்.

நீராவி வேறு விதம். வளிமண்டல அழுத்தத்தில் ஒரு கிலோ நீராவி சுமார் 1.7 கன மீட்டர் இடம் பிடிக்கும். அதுவே குளிர்ந்து ஒரு லிட்டர் தண்ணீராகும். ஆகவே டேங்குக்குள் நேரடியாக ஸ்டீம் விடும் ஸ்பார்ஜரை மூடியவுடனே, பைப்பில் நின்ற நீராவி சுருங்கி டேங்கில் உள்ளதை உறிஞ்சி ஸ்டீம் லைனுக்குள் ஏற்றும். ஸ்பார்ஜர் லைனின் உச்சியில் ஒரு வேக்யூம் பிரேக்கர் (வெற்றிடம் வந்தால் காற்றை உள்ளே விடும் வால்வு) போடாமல் இதை நிறுத்த முடியாது. நீராவியால் சூடாக்கும் காயில், ஜாக்கெட்டில் ஓட்டை விழுந்தால் அதே உறிஞ்சலில் மெட்டீரியல் கண்டன்சேட்டுக்குள் (நீராவி குளிர்ந்த தண்ணீர்) போய் பாய்லர் வரை நடக்கும். கண்டன்சேட் லைனில் கண்டக்டிவிட்டி மீட்டர் வைத்திருக்கிறோம் என்பார்கள். ஆசிட், காஸ்டிக், உப்பு வந்தால் அது கத்தும். உங்கள் டொலுயீன் வந்தால் கத்தாது, அந்த மாதிரிக் கரைப்பான்கள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. கரைப்பான் உள்ள ரியாக்டர்களின் கண்டன்சேட்டை டி.ஓ.சி. (தண்ணீரில் உள்ள மொத்த கரிமக் கார்பன்) பார்க்காமல் பாய்லருக்குத் திருப்பாதீர்கள்.

கூலிங் வாட்டரில் எந்தப் பக்கம் அழுத்தம் அதிகம் என்பதைத் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும். ஹைட்ரோகார்பன் உள்ள எக்ஸ்சேஞ்சரில் தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் அதிகமாக இருந்தால், டியூப் ஓட்டையில் தண்ணீர் உள்ளே போகும், வாயு கூலிங் டவருக்கு வராது, நல்லது. தண்ணீரோடு ஆவேசமாக வினைபுரியும் தயோனில் குளோரைடு, குளோரோசல்ஃபோனிக் ஆசிட் போன்றவற்றுக்கு அதே ஏற்பாடு பேரழிவு. போபாலை இந்த இடத்தில்தான் நினைக்க வேண்டும். 1984 டிசம்பர் 2 இரவு, டேங்க் 610-இல் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட்டுக்குள் தண்ணீர் போனது. பைப் கழுவும்போது பிளைண்டு போடாததால் தண்ணீர் லைன் வழியே போனதா, யாராவது வேண்டுமென்றே விட்டார்களா என்று இரு தரப்பு வாதம் இருக்கிறது. எது உண்மையானாலும், அந்த டேங்கில் நைட்ரஜன் அழுத்தம் பல வாரங்களாக ஏற்ற முடியாமலே இருந்தது. தண்ணீரைத் தள்ளி நிறுத்த வேண்டிய அழுத்தம் அங்கே இல்லை. நைட்ரஜன் அழுத்தம் ஏறவில்லை என்பதை "யுடிலிட்டி பிராப்ளம்" என்று தள்ளிப்போடும்போது, அந்த டேங்கை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் பிரச்சினைக்குத் திரும்பி வருகிறேன். மெயின்டனன்ஸ் கழற்றும் அந்தப் பழைய என்.ஆர்.வி.யை ஸ்கிராப்புக்கு அனுப்ப விடாதீர்கள். மேஜையில் வைத்து நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள், போட்டோ எடுத்து ரிப்போர்ட்டில் சேருங்கள். சீட் சுத்தமாக, வெளிச்சம் தெரியாமல் இருந்தால், திரவம் வேறு இணைப்பின் வழியாக வந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது மற்ற நான்கையும் கழற்ற வேண்டும். அதுவரை அந்த ஹெட்டரிலிருந்து ஹோஸ் மாட்டும் எந்த வேலைக்கும் பர்மிட் கையெழுத்து போடாதீர்கள்.